பளிங்குத் தரைக்குக் கீழே

நேயர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 45 அடி நீளத்தில், வெளியிலிருந்து பார்த்தால் சொகுசுப் பேருந்து போலவும், உள்ளே நுழைந்தால் படுக்கையறை, சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இயந்திரம் என்று முழு வீடாகவும் இருக்கும் மோட்டார்ஹோம்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் விலையில் உச்சியில் நிற்பவற்றை எப்படி ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். பத்து இலட்சம் டாலரைத் தாண்டும் வண்டியை நம்மில் எத்தனை பேர் வாங்கப் போகிறோம் என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் அதே வண்டி பத்தாண்டுகள் கழிந்தபின் முதல் விலையின் ஒரு சிறு பகுதிக்கே கைமாறுகிறது; பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள், நானும் அப்படித்தான் வாங்கினேன்.

என்னைப் பற்றி ஒரு சொல். கனரக வண்டிகளின் அடிச்சட்டத்தையும் சஸ்பென்ஷனையும் வடிவமைக்கும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஆகையால் ஒரு மோட்டார்ஹோமைக் காட்டினால் மற்றவர்கள் கதவைத் திறந்து உள்ளே போவார்கள்; நான் குனிந்து அடியில் பார்ப்பேன். இந்தப் பழக்கத்தால் என் துணைவியாருக்கு விற்பனைக் கூடங்களில் நேர்ந்த சங்கடங்களைத் தனி உரையாகவே நிகழ்த்தலாம்.

முதலில் இந்த வண்டிகளின் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தேர்வின் முதல் கிளை அங்கேயே பிரிகிறது. ஒரு வகை, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் உள்ள ப்ரேவோ நிறுவனத்தின் பேருந்துக் கூட்டை வாங்கி, அதற்குள் வீட்டைக் கட்டுவது. ப்ரேவோ என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி ‘ப்ரேவோஸ்ட்’ என்று படித்து, விற்பனையாளரின் புன்னகையைப் பெற்றுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். 1924-இல் தொடங்கிய அந்த நிறுவனம் இப்போது வால்வோ குழுமத்தைச் சேர்ந்தது. இசைக் குழுக்கள் ஊர் ஊராகச் செல்லப் பயன்படுத்தும் அதே பேருந்துதான் இது. கூடு முழுவதும் ஒரே கட்டமைப்பாக நின்று சுமையைத் தாங்குகிறது. ஆரிகன் மாநிலத்தின் மாரத்தான் கோச், புளோரிடாவின் லிபர்ட்டி கோச் போன்றவர்கள் அக்கூட்டுக்குள் வீடு கட்டித் தருகிறார்கள். முடிந்த வண்டியின் விலை இருபது இலட்சம் டாலருக்கு மேல் போகும்.

இன்னொரு வகை இந்தியானா மாநிலத்தில் பிறக்கிறது. நப்பானி என்ற சிற்றூரில் 1968 முதல் இயங்கும் நியூமார் நிறுவனத்தின் கிங் ஏர், மிடில்பரியில் உருவாகும் என்டெக்ரா கார்னர்ஸ்டோன் ஆகியவை இவ்வகையின் உச்சங்கள். மிச்சிகனில் செய்யப்படும் ஸ்பார்ட்டன் அடிச்சட்டத்தையும், 605 குதிரைத்திறன் கொண்ட கம்மின்ஸ் எஞ்சினையும் வாங்கி, அதன்மேல் வீட்டை எழுப்புகிறார்கள். அந்த வட்டாரத்தில் மோட்டார் வாகனத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் பயணம் செய்யும் ஆமிஷ் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். இந்தத் தொழிற்சாலைகளின் தச்சு வேலையில் அவர்களின் கைத்திறனுக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்றாவதாக, ஓக்லஹோமாவின் நியூவெல் நிறுவனத்தைப் போல, அடிச்சட்டத்தையும் வீட்டையும் தாமே செய்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், பழுது ஏற்படும் நாளில் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. எஞ்சின் ஒருவருடையது, கியர் பெட்டி இன்னொருவருடையது, அடிச்சட்டம் மூன்றாமவருடையது, குளிர்சாதனப் பெட்டி நான்காமவருடையது என்றிருக்கும்போது, ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டிவிட்டுப் போவது இயல்பு. அலபாமாவில் ரெட் பே என்றொரு சிற்றூர் உண்டு. மோட்டார்ஹோம் செய்யும் டிஃபின் நிறுவனம் 1972-இல் அங்கே தொடங்கியது. அந்நிறுவன வண்டிகளின் உரிமையாளர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அங்கே வந்து, பழுதுபார்க்கும் பணிமனையை ஒட்டிய முகாமிலேயே தங்கித் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். வண்டியே வீடு என்பதால், வீட்டைப் பணிமனையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது அல்லவா!

இனி, எனக்கு மிகவும் பிடித்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் புளோரிடாவின் டாம்பா நகரில், ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் கண்காட்சி நடைபெறும். சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவரும் அவர் துணைவியாரும் என்னையும் உடன் அழைத்துச் சென்றார்கள். நாங்கள் ஏறிய வண்டியில் பளிங்கு போன்ற தரை, நடுவில் சமையல் மேடை, மின்கணப்பு, அதன்மேல் பெரிய தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. வண்டி நின்றபின் சுவர்ப் பகுதிகளை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்லைடு என்று பெயர். அந்த வண்டியின் நான்கு ஸ்லைடுகளும் வெளியே தள்ளப்பட்டிருந்ததால், கூடம் ஒரு திருமணம் நடத்தலாம் போல் இருந்தது. நண்பர் மயங்கிப்போய் நின்றார். அவர் துணைவியார் மட்டும் விற்பனையாளரிடம், இந்த ஸ்லைடுகள் அனைத்தையும் உள்ளே இழுத்துக் காட்டுங்கள் என்றார். விற்பனையாளர் தயங்கினார், கூட்டம் அதிகமாக இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றார். அம்மையார் விடவில்லை, கூட்டம் குறையும்வரை நாங்கள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம் என்று சொல்லி, உண்மையாகவே உட்கார்ந்துவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்து, வேறு வழியின்றி விற்பனையாளர் பொத்தானை அழுத்தினார். சுவர்கள் மெல்ல நெருங்கி வந்தன. சமையல் மேடை குளிர்சாதனப் பெட்டியின் கதவை அடைத்துக்கொண்டது. கட்டில் மடங்கிக் குளியலறைக்குப் போகும் வழியை மறித்தது. அம்மையார் என் பக்கம் திரும்பி, “அண்ணா, வழியில் பத்து நிமிடம் நிறுத்தினால் நான் இதற்குள் எந்த வழியாகப் போவது? தாகத்துக்குத் தண்ணீர் எடுக்கவும் வீட்டை விரித்தாக வேண்டுமா?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் வண்டி வடிவமைத்த எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து யார் என்னிடம் ஆலோசனை கேட்டாலும், முதலில் ஸ்லைடுகளை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள் என்றே தொடங்குகிறேன். மறுபடியும் சொல்கிறேன்: வண்டியை விரித்த நிலையில் பார்ப்பதற்கு முன் சுருக்கிய நிலையில் பாருங்கள், ஏனெனில் நீங்கள் பயணம் செய்யப்போவது அந்த நிலையில்தான்.

அடுத்தது என் மனத்துக்கு நெருக்கமான செய்தி, எடை. வண்டிக் கதவின் உட்புறத்திலோ அதை ஒட்டியோ மஞ்சள் நிறத்தில் ஓர் ஒட்டுவில்லை இருக்கும். ஏறும் மனிதர்களும் ஏற்றும் பொருள்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்பதை அது சொல்கிறது. தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதில் எத்தனை கிலோ கழியும் என்பதையும் சொல்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது நாம் பள்ளியில் படித்ததுதான். நூறு கேலன் தொட்டி என்றால் ஏறத்தாழ 378 கிலோ. ஐந்தாறு பெரிய மனிதர்கள் படுக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டு உங்களோடு பயணம் செய்வதற்கு ஒப்பானது அது. உற்பத்தியாளர் பதித்த ஓடு, கற்பலகை, கூடுதல் ஸ்லைடு ஒவ்வொன்றும் இந்த எண்ணிலிருந்து தன் பங்கை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிடும். அதனால்தான் ஒரே நீளமுள்ள இரண்டு வண்டிகளுள் அலங்காரம் மிகுந்தது, உங்கள் பெட்டிகளுக்குக் குறைவான இடம் தரக்கூடும். இடம் என்று நான் சொல்வது அலமாரியை அல்ல, டயர் தாங்கும் எடையை.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தால் போதும் என்று நினைத்து ஏமாந்தவன் நானே. என் முதல் வண்டியின் செய்நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நெடுந்தூர லாரிகள் நிற்கும் இடங்களில் எடைமேடை இருக்கும்; சில டாலர்கள் கொடுத்தால் ஒவ்வொரு சக்கர அச்சின்மேலும் விழும் எடையைத் தனித்தனியாகத் தாளில் அச்சிட்டுத் தருவார்கள். வாங்கி இரண்டாண்டுகள் ஓட்டிய பிறகே, வேடிக்கைக்காக ஏறினேன். மொத்த எடையில் இன்னும் மிச்சம் இருந்தது. ஆனால் முன் அச்சு தன் வரம்பை நானூறு கிலோ தாண்டியிருந்தது. காரணம் எளியது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் எஞ்சின் பின்னால் இருக்கும், ஜெனரேட்டர் முன்னால் இருக்கும். அதன் பின்னாலேயே இருந்த சரக்கறையில் என் கருவிப் பெட்டிகளையும் புத்தகங்களையும் நான் அடுக்கி வைத்திருந்தேன். வண்டியைத் திருப்பும் இரண்டு டயர்களும் இரண்டாண்டுகளாக அந்தப் பளுவைச் சுமந்துகொண்டிருந்தன, நானோ இசை கேட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்! ஆகவே பழைய வண்டி வாங்குவோர், விலை பேசுவதற்கு முன் எடைமேடைத் தாளைக் கேளுங்கள். விற்பவரிடம் இல்லையென்றால், சோதனை ஓட்டத்தையே எடைமேடைவரை வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 450 குதிரைத்திறனுக்கும் 605-க்கும் உள்ள வேறுபாடு மலை ஏறும்போது தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது இறங்கும்போதுதான் தெரிகிறது. கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலான உயரத்தில் இருக்கிறது. இருபது டன்னைத் தாண்டும் வண்டியை அங்கிருந்து கீழே கொண்டுவரும்போது, பெரிய எஞ்சின் தன் உருளைகளில் காற்றை அழுத்தியே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது. சிறிய எஞ்சினின் பிடி குறைவு; இன்னும் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் புகைவழியை நெரித்து நிறுத்தும் ஏற்பாடே இருக்கும். மலை மாநிலங்களுக்குப் போகாதவர் இந்தக் கூடுதல் செலவைத் தவிர்த்துவிடலாம்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து வானொலி நிலைய நண்பர், இரண்டு நிமிடமே மிச்சம் என்று இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டுகிறார். மின்கலம், காப்பீடு, மறுவிற்பனை என்று நான் குறித்து வந்த மூன்று தாள்களை அப்படியே மடித்து வைக்கிறேன். இருப்பினும் நீளத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 45 அடி வண்டி எல்லா இடத்துக்கும் போகாது. கிளேசியர் தேசியப் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. யோசமிட்டி பள்ளத்தாக்கில் 40 அடி வண்டிக்குக் கூடச் சில முகாம் இடங்களே உண்டு. ஆகவே பெரிய வண்டி நுழையாத இடங்களுக்குப் போக, பின்னால் இழுத்துச் செல்லும் சிறு காருக்கும் இப்போதே திட்டமிடுங்கள். கலிபோர்னியாவில் 40 அடியைத் தாண்டினால் வேறு வகை உரிமம் தேவை. டெக்சஸில் 26,000 பவுண்டைத் தாண்டினால் தேவை.

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறதாம். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். இவ்வண்டிகள் ஆண்டின் பெரும்பகுதி நின்றே இருப்பதால், டயர் தேய்வதற்கு முன் முதுமை அடைந்துவிடும். பட்டை புதிதாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். பின்னால் இரட்டையாக இருக்கும் டயர்களுள் உட்பக்கத்து டயரில் அந்த எண் உள்நோக்கி இருக்கலாம், ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.