யார் பார்த்துக்கொள்வது பிள்ளையை?

(நாகர்கோவிலில் பெண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அங்கன்வாடியைப் பூட்டிவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்காமார்களே, வணக்கம்.

அங்கன்வாடித் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான மீனா சுவாமிநாதனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கு உடனே பிடிபடாது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் மனைவி என்று சொன்னால், ‘ஓ, அவரா’ என்பார்கள். அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்த சௌம்யா சுவாமிநாதனின் அம்மா என்றால் கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சி பார்த்த எல்லோருக்கும் தெரியும். இந்த உறவுகளை மறைத்துவிட்டுப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உறவுகளைச் சொல்லத் தொடங்கினால் அது நம் ஊர்ப் பக்கம்தான் வந்து நிற்கும்.

மீனாவின் தந்தை எஸ். பூதலிங்கம். ஐ.சி.எஸ். அதிகாரி, பின்னாளில் மத்திய அரசின் நிதித்துறைச் செயலாளர். பெயரைக் கேட்டதுமே பூதப்பாண்டிக் கோயில் சாமி உங்களுக்கு நினைவு வந்திருக்கும். நாஞ்சில் நாட்டு வேருள்ள குடும்பம். தாய் மதுரம் பூதலிங்கம், ‘கிருத்திகா’ என்ற பெயரில் எழுதியவர். ஆணும் பெண்ணும் மனதுக்குள் மறைத்துவைத்திருப்பதைக் கூசாமல் எழுதிய ‘வாசவேச்வரம்’ நாவலை 1966இல் தந்தவர் அவர்தான். அந்தக் கற்பனை ஊரில் நம் வட்டாரத்துக் கிராமத்தின் சாயல் இருப்பதாக வாசகர்கள் இன்றும் சொல்வதுண்டு. எழுதுகிற அம்மா, டெல்லி அரசாங்கத்தின் உள்விவகாரம் தெரிந்த அப்பா. மகளுக்கு இரண்டும் வந்து சேர்ந்தன என்பது என் கணிப்பு.

1933இல் பிறந்த மீனா, பொருளாதாரம் படிக்கக் கேம்பிரிட்ஜ் போனார். 1951இல் அங்கே ஆய்வு மாணவராக இருந்த சுவாமிநாதனைச் சந்தித்தார். 1955இல் திருமணம். டெல்லியில் குடித்தனம், மூன்று பெண் மக்கள். மூத்தவர் சௌம்யா மருத்துவர், அடுத்தவர் மதுரா பொருளாதார அறிஞர், இளையவர் நித்யா ராவ் பாலினமும் வளர்ச்சியும் பற்றிய ஆய்வாளர்.

மீனா பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். பிள்ளைகளை நாடகம் போட வைத்துப் பாடம் சொல்லித்தருவதில் அவருக்குப் பெரிய ஈடுபாடு. ஆண்டுவிழாவுக்கு அட்டைக் கிரீடம் வைத்து வசனம் ஒப்பிக்கும் நாடகம் இல்லை. பிள்ளை தானே யோசித்து, தானே நடித்து, அதன் வழியாகப் பேச்சும் துணிச்சலும் பெறுகிற நாடகம். இதற்காகவே ஆசிரியர்களுக்கு ஒரு கையேடும் எழுதினார். விளையாட்டுதான் சின்னப் பிள்ளையின் படிப்பு என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். மூன்று வயதுப் பிள்ளையைச் சீருடை மாட்டி வேனில் ஏற்றி, எழுத்து எழுதவில்லை என்று அடிக்கும் நம் காலத்து எல்.கே.ஜி.யைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1970இல் மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம், பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் மீனா சுவாமிநாதன். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. 1972இல் அறிக்கை வந்தது. அதன் சாரத்தை நம் பேச்சில் சொன்னால் இதுதான்: பிள்ளைக்குச் சோறு ஓர் இடத்தில், ஊசி இன்னோர் இடத்தில், பாட்டும் விளையாட்டும் வேறோர் இடத்தில் என்று பிரித்துக் கொடுக்காதீர்கள். பசித்த பிள்ளை பாடாது. நோயுற்ற பிள்ளைக்குச் சோறு ஒட்டாது. மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஏழைப் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்க வேண்டும்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், அதாவது நம் அங்கன்வாடிகளை நடத்தும் திட்டம், தொடங்கியது. அதற்கு அடித்தளம் போட்டவற்றில் இந்த அறிக்கை முக்கியமானது. அக்காமார்களே, சத்துமாவு, தடுப்பூசி, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை, பாட்டு, கதை என்று எல்லாம் ஏன் நம் ஒருத்தி தலையிலேயே விழுகிறது என்று நீங்கள் அலுத்துக்கொள்வது எனக்குத் தெரியும். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. அத்தனையையும் ஒருத்தியே, மதிப்பூதியம் என்ற பெயரில் குறைந்த காசுக்குச் செய்ய வேண்டும் என்றாக்கியது அரசாங்கத்தின் சிக்கனம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அவரை நான் உயர்வாக நினைப்பதற்கு இதற்கு அடுத்து அவர் செய்த வேலையே காரணம். தான் போட்ட அடித்தளத்தில் எழுந்த திட்டத்தின் ஓட்டையை அவரே எடுத்துக் காட்டினார். 1985இல், வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களின் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாட்டின் குழந்தைக் காப்பகங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். சில மணி நேரம் நடக்கும் அங்கன்வாடி மையம் தாயின் வேலை நாளுக்கு ஈடாகாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அங்கே பெரும்பாலும் இடமும் இல்லை. பிள்ளை நலம் வேறு, தாயின் பிழைப்பு வேறு, வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகாத அக்காவின் படிப்பு வேறு என்று அரசு மூன்று கோப்புகளாக வைத்திருந்தது. மீனா அதை ஒரே கோப்பாகப் பார்த்தார்.

கணவர் வயலில் விளைச்சலைப் பெருக்கிய காலம் அது. அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணின் கைக்குழந்தை வரப்பில் கிடந்தது. அதைப் பற்றி விஞ்ஞானியின் வீட்டுக்குள்ளிருந்தே ஒருவர் கேட்டார். 1988இல் தொடங்கிய சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பெண்கள் பிரச்சினை ஒரு தனித்துறையாக இடம்பிடித்ததற்கு மீனாவின் உழைப்பு பெரிய காரணம். தாய்ப்பால் ஊட்டுவதற்கும் கூலிக்கும் நடுவே சிக்கிய பெண்களைப் பற்றி அவர் அங்கிருந்து தொடர்ந்து எழுதினார். பேறுகாலச் சலுகை என்றால் மாதச் சம்பளக்காரிக்கு மட்டும்தானா என்பது அவர் விடாமல் கேட்ட கேள்வி.

அந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அண்டியாபீஸ்களுக்குள், அதாவது முந்திரி ஆலைகளுக்குள், போய்ப் பாருங்கள். அண்டி தல்லுகிறவர்களும், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்களும், தொலி உரிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்களே. கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் பொத்துவிடும் என்று சாம்பலைப் பூசிக்கொண்டு உட்காருவார்கள். கூலி எடைக்கு. பால் கொடுக்க எழுந்து போனால் அந்த நேரத்துக்குக் காசில்லை. குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. முதலில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் என்றார்கள், 1976இல் அதை 30 ஆகக் குறைத்தார்கள். 2017இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தி, ஊதியத்தோடு 26 வாரம் விடுப்பு என்றும், 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் என்றும் எழுதினார்கள். ஏட்டில் இவ்வளவு இருக்கிறது. பிள்ளையோ இன்னும் பாட்டி மடியில்தான். பாட்டி இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டுத் திண்ணையில்.

எனக்கு அடுத்துத் தொழிற்சங்கத்திலிருந்து ஒரு அக்கா பேசப்போகிறார். அவரிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் உறுப்பினர்கள் வேலை செய்யும் அண்டியாபீஸ்களில் எதில் காப்பகம் இருக்கிறது, எதில் அந்த அறையில் சாக்குமூட்டை அடுக்கியிருக்கிறது என்று பெயர் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, கணக்கைச் சொல்லுங்கள்.