குடும்பத்தில் யாருக்கு என்ன வந்தது?

எல்லோருக்கும் வணக்கம். செல்கள் தங்கள் டி.என்.ஏ.வை எப்படிப் பழுதுபார்க்கின்றன என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. அந்த வேலையில் ஈடுபடும் மரபணுக்கள் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே மாலையில் ஓட்டினால், வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் நாலே நாலு மரபணுக்களை எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒன்று கெட்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று எழுதித் தருவது என் வேலை. அந்த வேலையில் என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் இது.

1895ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் நகரம். அங்கே பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இருந்தார். அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் ஒருவர் ஒருநாள் மிகவும் வாடிப்போய் இருந்தார். என்ன விஷயம் என்று வார்த்தின் கேட்டார். தன் குடும்பத்தில் பலர் குடல், வயிறு, கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்துபோயிருக்கிறார்கள், தனக்கும் சின்ன வயதிலேயே அதுதான் வரும் என்று அந்தப் பெண் சொன்னார். அப்போது அவருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. பிறகு அவர் சொன்ன மாதிரியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார்.

வார்த்தின் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய அந்தக் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன வந்தது என்று விசாரித்து, வம்சப் படம் வரைந்து, 1913இல் வெளியிட்டார். மருத்துவ உலகில் அது 'ஜி குடும்பம்' என்று பெயர் பெற்றது. ஆனால் அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதை ஏற்கும் மனநிலையே அப்போது இல்லை.

அப்புறம் அறுபதுகளில் நெப்ராஸ்கா மாநிலம் ஓமஹாவில் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். மிதமிஞ்சிய குடி. ஏன் இப்படிக் குடிக்கிறீர்கள் என்று விசாரித்தபோது, 'எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடல் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் சாகப்போகிறேன்' என்றார். லிஞ்ச் அந்தக் குடும்பத்தைத் தேடிப் போனார். மிச்சிகனில் அதே மாதிரி இன்னொரு குடும்பமும் கிடைத்தது. 1966இல் இரண்டையும் சேர்த்து வெளியிட்டார். ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடுகிறார்கள், அதனால் வந்திருக்கும் என்றார்கள் மற்றவர்கள். ஆராய்ச்சிக்கு நிதி கேட்டபோது மறுத்தார்கள். லிஞ்ச் அசரவில்லை. குடும்பம் குடும்பமாகப் போய் விவரம் சேகரித்துக்கொண்டே இருந்தார். இன்று அந்த நோய்க்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்றே பெயர்.

சரி, அந்தக் குடும்பங்களில் கெட்டுப்போயிருந்தது எது?

நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன், தன் டி.என்.ஏ.வின் சுமார் 600 கோடி எழுத்துகளையும் படி எடுக்க வேண்டும். படி எடுக்கும் நொதி மிகக் கவனமானது. தப்பாகப் போட்ட எழுத்தைத் தானே உடனுக்குடன் அழித்துச் சரிசெய்தும்விடும். அப்படியும் சுமாராக ஒரு கோடிக்கு ஒரு பிழை தப்பிவிடுகிறது. கணக்குப் போட்டால், ஒவ்வொரு முறையும் ஐந்நூறு அறுநூறு பிழைகள். இந்த மிச்சத்தைச் சரிசெய்யத்தான் பொருந்தாத எழுத்தைத் தேடித் திருத்தும் ஒரு படை இருக்கிறது. அதன் முக்கிய நால்வர்: எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, எம்எல்எச்1, பிஎம்எஸ்2. முதல் இரண்டும் ஒரு ஜோடி, அடுத்த இரண்டும் ஒரு ஜோடி. முதல் ஜோடி டி.என்.ஏ. இழையை வளைத்துப் பிடித்துப் பொருந்தாத இடத்தைக் கண்டுபிடிக்கிறது. இரண்டாவது ஜோடி வந்து வெட்டுக்கு வழி செய்கிறது. தையல் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். நடுவில் ஒரு தையல் கோணலாகிவிட்டால், அதற்கு அந்தப் பக்கம் வரை தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்கள் அல்லவா? அப்படித்தான் இங்கேயும் ஒரே ஒரு எழுத்துப் பிழைக்காக நூற்றுக்கணக்கான எழுத்துகள் பிரித்தெடுக்கப்பட்டு, அந்த இடம் புதிதாக எழுதப்படுகிறது. இந்தத் திருத்தம் முடிந்த பிறகு மிஞ்சும் பிழைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்கு எப்போதும் வியப்பூட்டும் ஒரு கேள்வி உண்டு. இரண்டு இழைகளில் எழுத்து பொருந்தவில்லை என்றால், எது சரி, எது தப்பு என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? தப்பான இழையைப் பார்த்துச் சரியானதைத் 'திருத்தி'விட்டால் பிழை நிரந்தரமாகிவிடுமே! நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவில் இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பால் மோட்ரிச். பழைய இழையில் மெத்தில் என்ற சின்ன அடையாளம் ஒட்டியிருக்கும். புதிதாக எழுதிய இழையில் அது கொஞ்ச நேரத்துக்கு இருக்காது. அடையாளம் இல்லாததுதான் புதுசு, அங்கேதான் வெட்ட வேண்டும். மனித செல் இதற்கு வேறு உபாயம் வைத்திருக்கிறது. புது இழையில் இருக்கும் வெட்டுவாய்களைக் கொண்டு கண்டுகொள்கிறது. தோமஸ் லிண்டால், அசிஸ் சான்ஜார் இருவரோடும் சேர்த்து மோட்ரிச்சுக்கு 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூவரும் மூன்று விதமான பழுதுபார்ப்பை விளக்கியவர்கள்.

பாக்டீரியாவும் மனிதக் குடும்பமும் ஒன்று சேர்ந்த ஆண்டு 1993. டி.என்.ஏ.வில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்கள் நிறைய உண்டு. படி எடுக்கும்போது அங்கேதான் எண்ணிக்கை தவறும்; ஒன்று கூடும் அல்லது குறையும். இந்தக் குடும்பங்களின் கட்டிகளில் அப்படிப்பட்ட இடங்கள் எல்லாம் தாறுமாறாக நீண்டும் குறுகியும் இருந்தன. அதே ஆண்டு, ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள், திருத்தும் மரபணுக்களைக் கெடுத்தால் ஈஸ்ட்டிலும் இதே குழப்பம் வருகிறது என்று கண்டார்கள். அப்படியானால் அந்தக் குடும்பங்களில் கெட்டதும் இதே மரபணுக்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சில மாதங்களிலேயே எம்எஸ்எச்2 பிடிபட்டது. அடுத்த ஆண்டு எம்எல்எச்1. பிறகு ஜி குடும்பத்தின் வாரிசுகளைச் சோதித்தபோது, அவர்களிடம் கெட்டிருந்ததும் எம்எஸ்எச்2தான் என்று தெரிந்தது.

பிழை திருந்தாமல் போனால் ஏன் புற்றுநோய் வர வேண்டும்? ஓர் உதாரணம் போதும். செல்லின் மேல் இருந்து சேதி வாங்கும் புரதங்களை ஏற்பி என்பார்கள். செல் வளர்ச்சிக்குத் தடை போடும் ஏற்பிகளில் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில், ஓரிடத்தில் 'ஏ' என்ற எழுத்து வரிசையாகப் பத்து முறை வருகிறது. அதில் ஒன்று குறைந்தால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் பொருளற்றதாகிவிடும். தடை போய்விடும். குடல் சுவரின் உள்பூச்சு சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. படி எடுப்பது அங்கே ஓயாமல் நடக்கும். கர்ப்பப்பையின் உட்சுவரும் மாதாமாதம் புதிதாக வளர்வது.

இப்போது என் மேசைக்கு வாருங்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, அந்த நாலு மரபணுக்களும் உண்டாக்கும் நாலு புரதங்களுக்கும் தனித்தனியாகச் சாயம் போடுவோம். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். இல்லையென்றால் வெளிர் நீலம். ஒரே தகட்டில், நல்ல செல்கள் ஓரத்தில் பழுப்புப் பொட்டுப் பொட்டாக இருக்கும். நடுவில் கட்டியின் செல்கள் மட்டும் நீலமாக, எம்எஸ்எச்2 இல்லாமல், வெறிச்சென்று கிடக்கும். கட்டிக்குள் வந்து நுழைந்திருக்கும் வெள்ளை அணுக்கள் அதன் நடுவிலும் பழுப்பாகவே இருக்கும். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், நோயாளியோடு அவருடைய அண்ணன் தங்கைகளும் பிள்ளைகளும் என் மனதில் வந்து நிற்பார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சாயம் ஏறாத எல்லாமே பரம்பரை நோய் என்று முடிவுகட்டக் கூடாது. வயதானவர்களுக்கு எம்எல்எச்1 வேறு காரணத்தால் அணைந்துபோவது சகஜம். உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை வேண்டும்.

பரம்பரையாக வந்திருந்தால் கணக்கு எளிது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும்; அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பெற்றோரில் ஒருவரிடம் ஒரு கெட்ட பிரதி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவரிடம் இது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

இங்கேதான் நம் வீடுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய் என்று வரும் பிள்ளையிடம் 'குடும்பத்தில் வேறு யாருக்காவது?' என்று கேட்டால், 'யாருக்கும் இல்லை டாக்டர்' என்பார். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டால், பெரியப்பா 'வயித்துக் கட்டி'யில் போனது தெரியவரும். அத்தைக்குக் கர்ப்பப்பையை எடுத்தது தெரியவரும். எதற்காக எடுத்தார்கள் என்று தெரியாது. அத்தை கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனவர். அவர் நோய் அந்த வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆனால் மரபணுக் கணக்கில் அவர் அப்பாவின் கூடப் பிறந்தவர். கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றாலும் எது என்று கேளுங்கள். கர்ப்பப்பை வாயில் வருவது பெரும்பாலும் வைரஸால் வருவது, இதில் சேராது. உட்சுவரில் வருவதுதான் சேரும்.

மறைப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருப்பாள். வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மறைப்புக்கு விலை கொடுப்பது அதே பெண்தான்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இரத்த உறவில் மணந்தவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே பாட்டியிடமிருந்து அதே கெட்ட பிரதியைப் பெற்றிருந்து, மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதியும் கெட்டதாக வர நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்குத் திருத்தும் படையே இல்லை. பிள்ளைப் பருவத்திலேயே மூளைக்கட்டி, இரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய் வரலாம். தோலில் காப்பி நிறத் திட்டுகள் இருக்கலாம். வெயிலால் வரும் சேதத்தைச் சரிசெய்யும் மரபணு இரண்டு பிரதியும் கெட்ட குழந்தைகளும் உண்டு. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அந்த நோயில் பழுதுபார்ப்பு நடக்கவில்லை என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். அந்தக் குழந்தைகள் வெயிலில் படவே கூடாது. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இவை கூடுதலாக வருகின்றன.

தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நிறையச் செய்யலாம். எம்எஸ்எச்2, எம்எல்எச்1 கெட்டவர்கள் 20-25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி, அதாவது குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். இவர்களுக்குச் சின்னக் கட்டி புற்றுநோயாக மாறுவது வேகமாக நடக்கும். அதனால்தான் இந்த அவசரம். பிள்ளை பெற்று முடித்த பெண்கள் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் பேசலாம். பிறகு ஆஸ்பிரின். இங்கிலாந்தின் ஜான் பர்ன் நடத்திய ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்த 427 பேரில் 40 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்த 434 பேரில் 58 பேருக்கும் பின்னாளில் குடல் புற்றுநோய் வந்தது. பலன் தெரிய வருடங்கள் ஆயின. தயவுசெய்து நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள்; இரத்தக் கசிவு வரும். மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும்.

நோய் வந்துவிட்டவர்களுக்கும் நல்ல சேதி உண்டு. பிழை திருந்தாத கட்டியில் விசித்திரமான புரதங்கள் ஏராளமாக உருவாகும். நோய் எதிர்ப்புச் செல்கள் அதை அந்நியம் என்று கண்டு மொய்க்கும். கட்டிக்குள் நுழைந்த வெள்ளை அணுக்கள் என்று சொன்னேனே, அவைதான். ஆனால் கட்டி அவற்றுக்குக் கடிவாளம் போட்டுவிடும். அந்தக் கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துகள் வந்துவிட்டன. 2017இல் அமெரிக்காவில் அப்படி ஒரு மருந்துக்கு, கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் இந்தத் திருத்தும் படை கெட்டிருந்தால் கொடுக்கலாம் என்று அனுமதி தந்தார்கள். உறுப்பைப் பார்க்காமல் கோளாறைப் பார்த்துத் தந்த முதல் அனுமதி அது. 2022இல் நியூயார்க்கில், இப்படிப்பட்ட மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு ஆறு மாதம் ஊசி மருந்து மட்டும் கொடுத்தார்கள். அறுவையும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. 12 பேருக்கும் கட்டி கரைந்துவிட்டது.

அந்த மருந்து விலை அதிகம். நம்மில் பலரால் எட்ட முடியாதது. அதற்காகக் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் கட்டி அந்த வகைதானா என்று பார்க்கும் சாயப் பரிசோதனைக்கு அந்த அளவு செலவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது குடலிலோ கர்ப்பப்பை உட்சுவரிலோ கட்டி எடுத்திருந்தால், இன்று போய் அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நான் சொன்ன நாலு பெயரும் அதில் இல்லையென்றால், மருத்துவரிடம் கேளுங்கள். மெழுகுக் கட்டியை ஆய்வகங்கள் பல ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்கும். ஆள் இல்லாமல் போயிருந்தாலும் அதிலிருந்து சீவிப் பார்க்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கச் சங்கடமாக இருந்தால், முடிந்த பிறகு தனியாக வாருங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.