சாமுராயைக் கொன்றது யார்? ஒரு நேயரின் கேள்வியும் என் பதிலும்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மனதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “குரோசாவாவின் ‘ராஷோமான்’ பார்த்தேன். சாமுராயைக் கொன்றது யார்? இயக்குநர் மனதில் ஒரு விடை இருந்திருக்கும்தானே?”

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950இல் வந்த ஜப்பானியப் படம். காட்டில் ஒரு சாமுராய் இறந்து கிடக்கிறான். பிடிபட்ட கொள்ளைக்காரன் ஒரு கதை சொல்கிறான், சாமுராயின் மனைவி ஒரு கதை சொல்கிறாள். செத்தவனே ஆவியாக வந்து மூன்றாவது கதை சொல்கிறான்.

நம் பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு நான் எங்கே தொடங்குவேன் என்று தெரியும். கேமரா எங்கே உட்கார்ந்திருக்கிறது? விசாரணைக் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். சாட்சிகள் தரையில் அமர்ந்து நம் பக்கம் பார்த்துப் பேசுகிறார்கள். விசாரிப்பவர் முகத்தைக் காட்டவே இல்லை. அவருடைய குரல்கூட நமக்குக் கேட்காது. அந்த நாற்காலியில் குரோசாவா நம்மை உட்கார வைத்துவிட்டார். தீர்ப்பு சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அது அங்கே உட்கார்ந்ததால் வந்த தவிப்பு.

நம்முடைய ‘அந்த நாள்’ படத்தையும் பாருங்கள். 1954, வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, பாட்டே கிடையாது. அதிலும் ஒரு கொலை, ஆளுக்கொரு கதை. ஆனால் விசாரிக்கும் சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன் நம் கண்முன் நிற்கிறார். அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நாம் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருகிறோம். எனக்கு மிகவும் பிடித்த படம் அது. இருந்தாலும் அங்கே நாற்காலி காலியாக இல்லை.

நானே ஒருமுறை சாட்சிக் கூண்டில் நின்றிருக்கிறேன். ஒரு சைக்கிள்காரரை லாரி இடித்த வழக்கு. பார்த்ததைத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் தெரிந்தது, அடிபட்டவரிடம் ஓடிய முதல் ஆள் நான் என்பதுபோல் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓடினார்கள்.

அதனால்தான் தங்கை வேறொன்றைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. பொய் சொல்பவன் வழக்கமாக என்ன சொல்வான்? ‘நான் செய்யவில்லை’ என்பான். இங்கே கொள்ளைக்காரன், நான்தான் வாள்சண்டையில் கொன்றேன் என்கிறான். மனைவி, கத்தியோடு மயங்கி விழுந்தேன், விழித்தால் அது அவர் மார்பில் இருந்தது என்கிறாள். செத்தவன், நானே குத்திக்கொண்டேன் என்கிறான். தப்பிக்க யாருமே முயலவில்லை! பழி வந்தாலும் பரவாயில்லை, தன் கதையில் தான் உயர்ந்து நிற்க வேண்டும். திரைக்கதை புரியவில்லை என்று வந்த உதவி இயக்குநர்களுக்கு இதைத்தான் விளக்கியதாகக் குரோசாவா தன்வரலாற்றில் எழுதுகிறார்: மனிதர்களால் தங்களைப் பற்றிப் பூசி மெழுகாமல் பேச முடியாது.

சரி, இதற்கு மூலம் ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவாவின் 1922ஆம் ஆண்டுச் சிறுகதை. அது ஆவியின் வாக்குமூலத்தோடு இருட்டில் முடிந்துவிடும். அதில் வரும் ஒரு விறகுவெட்டி பிணத்தைக் கண்டவன், அவ்வளவுதான். படத்தில் அவனும் எல்லாவற்றையும் பார்த்தவன் ஆகிறான், நான்காவது கதை சொல்கிறான். கடைசியில் மழை விடுகிறது, கைவிடப்பட்ட ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறான். கதையை மூடும்போது நம் கையில் ஒன்றுமே இல்லை, படம் முடியும்போது ஒரு குழந்தை இருக்கிறது. கொலை அதே கொலைதான்.

தங்கை, நீங்கள் யாரை நம்பினீர்கள் என்று எழுதுங்கள். முதல் தடவை பார்த்தபோது நான் விறகுவெட்டியை அப்படியே நம்பினேன். கடைசியாகப் பேசுகிறவன், குழந்தையை வேறு எடுத்துக்கொள்கிறான். இப்போது பார்க்கும்போது, மனைவியின் அந்த விலையுயர்ந்த குத்துவாள் எங்கே போயிற்று என்று கேட்டதும் அவன் வாயடைத்து நிற்கும் இடத்திலேயே என் கண் நின்றுவிடுகிறது.