குரலை எடுத்துவிட்டால் பாட்டு என்ன ஆகும்? கிங் டப்பியின் நான்கு டிராக்

[திரை கறுப்பு. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் மட்டும் ஓடுகின்றன. காப்பிரைட் பயத்தில் நாங்களே வாசித்தது.]

பாடகர் எங்கே என்று தேடாதீர்கள். வேண்டுமென்றே கழற்றி வைத்திருக்கிறோம்.

[கிங்ஸ்டன் வரைபடம்]

1960-களின் கடைசி, ஜமைக்கா. ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, தெருவில் ரெக்கார்டு போட்டு ஆடுவார்கள். 'சவுண்ட் சிஸ்டம்' என்று பெயர். ரூடி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரருக்காக ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் ஓர் இசைத்தட்டு தயாரித்தார்கள். எஞ்சினியர் குரலைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். அதை அப்படியே ஓடவிட்டபோது, விட்டுப்போன வரிகளைக் கூட்டமே பாடிவிட்டது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. அப்புறமென்ன, தட்டின் மறுபக்கத்தில் குரலில்லாத 'வெர்ஷன்' போடுவது வழக்கமாயிற்று.

[ஃபேடர்களின் (ஒலியை ஏற்றி இறக்கும் நகரும் பொத்தான்கள்) மேல் விரல்கள்]

அந்த வழக்கத்தைக் கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடாக். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்தவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில் வீட்டோடு சேர்ந்த குட்டி ஸ்டூடியோ. பேண்டு உள்ளே நிற்க இடமில்லை. இசையை வேறு ஸ்டூடியோவில் பதிந்து டேப்பாகக் கொண்டுவருவார்கள்; இங்கே குரல் பதிவும், எல்லா ஒலிகளையும் கலந்து பாட்டாக்கும் மிக்ஸிங்கும்தான்.

1970-களின் தொடக்கத்தில் டைனமிக் ஸ்டூடியோவிலிருந்து பழைய மிக்ஸிங் போர்டு ஒன்றை வாங்கினார். மொத்தம் 4 டிராக், அதாவது தனித்தனியாக ஏற்றி இறக்கக்கூடிய 4 ஒலித்தடங்கள். டிரம்ஸ் ஒன்று, பேஸ் ஒன்று, கிட்டாரும் கீபோர்டும் சேர்த்து ஒன்று, குரல் ஒன்று. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் நான்கே என்பதால்தான் இரண்டு கைக்குள் முழுப் பாட்டும் அடங்கியது!

[ஒலி: 'சக்... சக்... சக்...' தேய்கிறது]

பாடகரின் ஒரே ஒரு சொல்லை எக்கோவுக்குள் தள்ளிவிட்டு, குரல் ஃபேடரை இறக்கிவிடுவார். ஆள் போய்விட்டார், சொல்லின் வால் மட்டும் பேஸின் மேல் மிதக்கும். போர்டில் ஒரு பெரிய குமிழ் உண்டு. திருகினால் அடி ஒலி படிப்படியாக வடிந்து, சிம்பலின் 'ஸ்ஸ்ஸ்' மட்டும் மிஞ்சும். சட்டென்று பழைய இடத்துக்குத் திருப்பினால் பேஸ் நெஞ்சில் வந்து இடிக்கும்.

எல்லாம் டேப் ஓடும்போதே, கையால். கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்ளாது. அதே பாட்டை மறுநாள் மிக்ஸ் செய்தால் வேறு பாட்டு. என்னைக் கேட்டால், அந்தப் போர்டை வாத்தியம் என்றே சொல்வேன்.

[ஒலி: இடி]

இது மழை இல்லை. பெரிய அறையில் ஒலிப்பது போன்ற முழக்கத்தைத் தரும் ரிவெர்ப் பெட்டிக்குள் ஸ்பிரிங் இருக்கும். அதை ஒரு தட்டு தட்டினார், அவ்வளவுதான்.