மூன்று வார்த்தை, பத்தொன்பது நாள்: என் கடைவாய்ப் பல் கதை

வணக்கம் மக்களே. இன்று கடையும் இல்லை, டிபனும் இல்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசத்தான் போகிறேன். மணப்பாறை முறுக்கு வீடியோவில் நான் வலது பக்கமாகவே மென்றதைக் கவனித்து, "அண்ணே, பல்லில் ஏதாவது பிரச்சினையா?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன். பிரச்சினை இருந்தது. நேற்றுதான் வேர் சிகிச்சையில், அதாவது ரூட் கெனாலில், இரண்டாவது சிட்டிங் முடிந்தது.

முதலில் அந்த ராத்திரி. இரண்டு மணிக்கு இடது கீழ்த் தாடையில் குத்தல். படுத்தால் வலி ஏறுகிறது, எழுந்து நடந்தால் கொஞ்சம் தேவலை. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், எதற்கும் அடங்கவில்லை. அந்த நேரத்தில் திருச்சியில் எந்தப் பல் மருத்துவமனை எனக்குத் திறந்திருக்கும்? பக்கத்தில் இருக்கிற ஒரு தனியார் மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போனோம். ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் வலி இறங்கியது. ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக், வலி மாத்திரை, கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது பில். அவசர சிகிச்சைக் கட்டணம் 600, ஈசிஜி 350, ஊசியும் மருந்தும் 540. கடைசியில் ஃபைல் 150 ரூபாய்! ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே இரண்டு தாள், மேலே மருத்துவமனை பெயர். ஸ்டேஷனரி கடையில் இதே உறை பதினைந்து ரூபாய். பழைய ஃபைல் எடுத்து வந்தால் குறையுமா என்று கேட்டேன், இது கம்பல்சரி சார் என்றார்கள். ராத்திரி மூன்றரை மணிக்கு வலியோடு நிற்கிறவனிடம் பிளாஸ்டிக் உறையை விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மொத்தம் 1,640. இந்த ஃபைலை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். பல்வலிக்கு எதற்கு ஈசிஜி என்று கேட்பீர்கள். அதில் எனக்குக் கோபமே இல்லை. மாரடைப்பு வலி சில பேருக்கு இடது தாடையில்தான் தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய ஆள் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தால் இதயத்தைப் பார்ப்பதுதான் சரி. டியூட்டி டாக்டர் நல்ல பையன், பொறுமையாகப் பார்த்தார்.

மூன்றாம் நாள் வலி சுத்தமாகப் போய்விட்டது. ஐந்து நாள் மாத்திரையும் முடிந்தது. நான் மணப்பாறைக்குக் கிளம்பிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால் கன்னம் வீங்கியிருக்கிறது. வாயில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்க முடிகிறது. தில்லை நகரில் ஒரு பல் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மா பழைய சீட்டைக் காட்டுங்கள் என்றார். ஃபைலைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு கடைசி வரியில் விரலை வைத்தார். கிறுக்கலாக மூன்று வார்த்தை: ரிவ்யூ டென்டல் ஓ.பி. அதாவது, பல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று அன்றைக்கே எழுதியிருக்கிறார்கள். யாரும் வாயால் சொல்லவில்லை. ஃபைலுக்கு 150 ரூபாய் என்று இரண்டு முறை சொன்ன கவுன்டரில், அந்த ஃபைலுக்குள் இருக்கிற மூன்று வார்த்தையை ஒரு முறை சொல்லியிருக்கலாம். எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்றும் எழுதவில்லை. என் கோபம் முழுக்க இதில்தான்.

அந்த மருத்துவரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. தாளில் பல்லை வரைந்து காட்டி விளக்கினார். என் பல்லின் நம்பர் 36. மொத்தமே 32 பல்தானே என்றேன். வாயை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார்கள், மூன்றாவது பகுதியில், அதாவது இடது கீழ்ப்பக்கத்தில், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல், அதனால் மூன்று, ஆறு. அழகான கணக்கு.

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்த வீடியோவுக்கே காரணம். பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த ஒரு கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை போனால் கிருமி உள்ளே இறங்கி அந்தக் கூழ் செத்துவிடும். மாத்திரை இரத்தத்தில்தான் பயணம் செய்யும். செத்துப்போன கூழுக்கு இரத்தம் போகாது, அப்படியானால் மருந்தும் போகாது. சுற்றி இருக்கிற வீக்கம் அடங்கும், உள்ளே கிருமி அப்படியே உட்கார்ந்திருக்கும். சில நேரம் வலி நிற்பதே நரம்பு செத்ததால்தான். எனக்கு அதுதான் நடந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல், உளுந்து அளவுக்கு.

அன்றைக்கே பல்லைத் திறந்து சீழை வெளியேற்றினார். அந்த நாற்றத்தைப் பற்றிச் சொல்ல மாட்டேன், ஆனால் தாடைக்குள் இருந்த இறுக்கம் நிமிடத்தில் விட்டுப் போனது.

எல்லா வீக்கமும் பல் கிளினிக் விஷயம் இல்லை. தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் கெட்டியாக வீங்குகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் காலை வரை காத்திருக்காமல் எமர்ஜென்சிக்கு ஓடுங்கள். லுட்விக் ஆஞ்சைனா என்று அதற்குப் பெயர், 1836-ல் லுட்விக் என்கிற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லில்தான் பெரும்பாலும் தொடங்கும், மூச்சுக்குழாயை அடைத்துவிடும். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். என் அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவரையும் அந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்ச் செக்கப் செய்துவிட்டேன்.

செலவையும் சொல்கிறேன். எக்ஸ்ரே 200, வேர் சிகிச்சை 4,500, கடைசியில் பல்லுக்கு மேலே மாட்டுகிற கேப் 4,000. சொத்தை சின்னதாக இருந்தபோதே வந்திருந்தால் 1,000 ரூபாயில் அடைத்திருக்கலாம் என்றார். கை கடிக்கிறது என்றால் அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது. நம் பக்கத்தில் புதுக்கோட்டையிலும் 2023-ல் ஒன்று தொடங்கினார்கள்.

ஆங், இன்னொன்று. போன வருடம் தெருவில் கிரிக்கெட் பந்து பட்டு ஒரு தம்பிக்கு முன்பல் முழுசாக விழுந்ததே, அந்த வீடியோ பார்த்தவர்கள் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடியதும் பல் திரும்ப ஒட்டியதும்தான் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் சொல்லவே இல்லை. பக்கத்துப் பற்களோடு கம்பி வைத்துக் கட்டியதை இரண்டு வாரத்தில் எடுத்தார்கள், வேர் சிகிச்சையும் இரண்டு வாரத்துக்குள்ளேயே தொடங்கினார்கள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். ஒட்டிய பல்லின் வேர் மெதுவாகக் கரைய வாய்ப்பு இருக்கிறதாம். தம்பி ஒரு தேதியையும் விடவில்லை.

நானும் விடப்போவதில்லை. இப்போது தற்காலிக அடைப்பு இருக்கிறது, வலி துளியும் இல்லை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்களாம். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால் மெல்லுகிற அழுத்தத்தில் பிளந்துவிடும். எனக்கு வியாழக்கிழமை மூன்றாவது சிட்டிங், அடுத்த வாரம் கேப். சீட்டைப் பாருங்கள், இந்த மருத்துவர் தேதியைத் தமிழிலேயே எழுதி வட்டம் போட்டிருக்கிறார். ஃபைலுக்குக் காசும் வாங்கவில்லை.

கேப் போட்டதும் மணப்பாறைக்குத் திரும்பப் போவேன், அதே கடை, அதே முறுக்கு. இடது பக்கத்தில் மெல்லுகிறேனா என்று பாருங்கள்.