ஏழு பக்கத் தேனீயும் ஐந்து நிமிடமும்

அடுத்த கேள்வி ஒரு கல்லூரி மாணவியுடையது. “வகுப்பில் தகவல் தரும் உரை ஒன்றை ஐந்து நிமிடம் பேச வேண்டும். தேனீக்களைப் பற்றி ஏழு பக்கம் எழுதிவிட்டேன். மனப்பாடம் செய்யச் செய்ய மறந்துபோகிறது. என்ன செய்வது?” என்று கேட்கிறார்.

மறந்துபோவது உங்கள் குற்றம் இல்லையம்மா, அந்த ஏழு பக்கத்தின் குற்றம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் பாதிக்கூட முடியாது. ராணித் தேனீ, தேனடை, தேனின் பயன், மகரந்தச் சேர்க்கை என்று எல்லாவற்றையும் தொட்டால் நுனிப்புல் மேய்ந்ததாகத்தான் முடியும். ஒன்றே ஒன்றை எடுங்கள். என்னைக் கேட்டால் நடனத்தை எடுப்பேன்: பூக்களைக் கண்டுவந்த தேனீ மற்ற தேனீக்களுக்கு எப்படி வழி சொல்கிறது?

இதன் பொருளைப் படித்தறிந்தவர் காரல் வான் ஃபிரிஷ். 1973-ல் இன்னும் இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவரைப் பற்றி இந்த ஒரு வரி போதும், வாழ்க்கை வரலாற்றுக்குள் போய்விடாதீர்கள். நேராகக் கரும்பலகைக்குப் போய், மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். அது செங்குத்தாகத் தொங்கும் தேனடை. உங்கள் விரல்தான் தேனீ. விரலை ஆட்டிக்கொண்டே நேர் மேலே கொண்டுபோங்கள்: “சூரியன் இருக்கும் திசையில் போ.” இப்போது 40 டிகிரி வலப்பக்கம் சாய்த்து ஓட்டுங்கள்: “சூரியனுக்கு 40 டிகிரி வலப்புறம் போ.” ஆட்டம் நீண்டால் தூரமும் அதிகம். கூட்டுக்குள்ளோ இருட்டு, மற்றவை பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய்த் தொட்டுத்தான் தெரிந்துகொள்கின்றன. இங்கே சற்று நிறுத்துங்கள். கேட்பவர்கள் மனத்தில் அந்த இருட்டு வந்து உட்கார நேரம் வேண்டும்.

மனப்பாடம் முதல் வாக்கியத்துக்கும் கடைசி வாக்கியத்துக்கும் மட்டும் போதும். நடுப்பகுதிக்குக் கெட்டியான அட்டையில் நான்கைந்து சொற்கள்: கோடு, சூரியன், சாய்வு, தூரம், இருட்டு. மெல்லிய தாளைப் பிடிக்காதீர்கள். கை கொஞ்சம் நடுங்கினாலே தாள் படபடத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒத்திகையைக் கண்ணாடி முன் செய்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. தேனீயைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் நின்றுகொண்டு சொல்லுங்கள். பிறகு அதையே அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் விளக்கம் சரியில்லை. பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான் தடுமாறுவார்கள். நாலரை நிமிடத்தில் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள், மேடையில் எப்படியும் அரை நிமிடம் கரைந்துவிடும்.

முடிவில் “ஆகவே தேனீக்களைக் காப்போம்” என்று முழங்க ஆசை வரும். வேண்டாம். அது இணங்கவைக்கும் பேச்சு. உங்களிடம் கேட்டிருப்பது விளக்கும் பேச்சு.

மிச்சப் பக்கங்களைக் கிழித்துப் போடாதீர்கள். “மேகம் சூரியனை மறைத்துவிட்டால் தேனீ என்ன செய்யும்?” என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். நீலவானம் ஒரு துண்டு தெரிந்தால் போதும், அந்த ஒளியின் அதிர்வுத் திசையை வைத்தே சூரியன் எங்கே என்று அறிந்துகொள்கிறது. இதையும் ஃபிரிஷ்தான் காட்டினார். ஆனால் யாராவது கேட்கும்வரை சொல்லாதீர்கள்.