நடன இசைக்கு நாள் முழுவதும் ஓர் அலைவரிசை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

‘நடன இசைக்கு ஏற்றது முழுநேர வானொலி நிலையமா, இரவு நேர நிகழ்ச்சியா?’ இதுதான் தலைப்பு. நடன இசை என்று இங்கே சொல்வது டிஸ்கோ, ஹவுஸ், டிரான்ஸ், டிரம் அண்ட் பேஸ் என்று கிளப்களில் ஆடுவதற்காகவே செய்த மேற்கத்திய இசை வகைகளை. முழுநேர நிலையமே என்பது எங்கள் கட்சி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் நான்கு காரணங்களை அடுக்கினார். அமெரிக்காவில் தொடங்கிய நிலையங்களை மூடிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு இந்த இசையை யாரும் கேட்க மாட்டார்கள். ஆசைப்பட்டவர் கையில் செயலி இருக்கிறது. பிபிசி செய்வது போல வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் தாராளம் என்றார்.

மூடிய கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் மலை போல நம்பியிருப்பது அதைத்தான்.

1978 ஜூலை வரை நியூயார்க்கின் 92.3 எஃப்எம்மில் மெல்லிய ராக் பாடல்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெயர் சொல்லும்படியான நிலையம் இல்லை. ஜூலை 24 அன்று அந்த டபிள்யூகேடியூ நிலையம் முழுக்க டிஸ்கோவுக்கு மாறியது. சில மாதங்களில், அறுபதுகளிலிருந்து அந்த நகரைக் கட்டி ஆண்ட டபிள்யூஏபிசியை முந்தியது. மறு ஆண்டு ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதை முன்னின்று நடத்திய அறிவிப்பாளர் ஸ்டீவ் டால், தான் இருந்த ராக் நிலையம் டிஸ்கோவுக்கு மாறியபோது வேலை இழந்தவர். அதன்பின் டிஸ்கோ என்ற பெயரைச் சொல்லவே நிலையங்கள் கூசின. 92.3 அலைவரிசையும் 1985இல் ராக்குக்குப் போய்விட்டது.

எதிரணியின் கதை இங்கே நின்றுவிட்டது. நான் தொடர்கிறேன். 1996இல் அதே டபிள்யூகேடியூ என்ற பெயர் 103.5 அலைவரிசையில் திரும்பி வந்தது. மறுபடியும் நடன இசை. மறுபடியும் சில மாதங்களில் நகரின் முதலிடம். ஒரே ஊரில், 18 ஆண்டு இடைவெளியில், இரண்டு தலைமுறைகள் இந்த இசையை முதலிடத்தில் வைத்திருக்கின்றன. கேட்க ஆளில்லாத இசைக்கு இது நடக்குமா?

பிறகு பல்ஸ் 87 ஏன் மூடியது என்று கேட்டார்கள். 2008இல் நியூயார்க்கில் தொடங்கிய நிலையம் அது. நடுவர் அவர்கள் இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அவர்கள் கையில் இருந்தது எஃப்எம் உரிமமே கிடையாது, குறைந்த சக்தித் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் உரிமம். அமெரிக்க அனலாக் தொலைக்காட்சியில் 6ஆம் சேனலின் ஒலி 87.75 மெகாஹெர்ட்ஸில் போனது. எஃப்எம் ரேடியோவின் முள்ளை இடது ஓரத்துக்குத் தள்ளினால் அது கேட்டது. அந்த இடுக்கில் ஒரு வானொலியை நடத்தினார்கள். ஆனால் எஃப்எம் நிலையத்துக்கு அலைவிலகல், அதாவது ஒலிக்கேற்ப அலைவரிசை அசையும் அளவு, 75 கிலோஹெர்ட்ஸ் வரை உண்டு. அந்தத் தொலைக்காட்சி ஒலிக்கு 25தான். விதிப்படி ஒலிபரப்பினால் பக்கத்து நிலையத்தைவிட ஒன்பதரை டெசிபல் மெலிந்து ஒலிக்கும். தொலைக்காட்சியின் ஸ்டீரியோ முறையும் வேறு என்பதால் எஃப்எம் ரேடியோவில் மோனோதான் கிடைக்கும். அடி வயிற்றில் அதிர வேண்டிய இசையை மெல்லிய மோனோ ஒலியில், குத்தகை அலைவரிசையில் நடத்திய நிறுவனம் 2009இல் திவாலானது. அந்தப் பழியை இசையின் தலையில் போடுவது ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

பாஸ்டனில் எவல்யூஷன் 101.7, 2012 டிசம்பரில் பிறந்து 2014 ஜூனில் கன்ட்ரி இசைக்கு மாறியது. சான்பிரான்சிஸ்கோவின் எனர்ஜி 92.7 ஐந்து ஆண்டு ஓடி, 2009இல் நிலையம் கைமாறியபோது போயிற்று. அமெரிக்காவில் உரிமையாளர் இன்று நடன இசை, நாளை கன்ட்ரி என்று மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நிலையம் எந்த இசையைப் போடுகிறது என்பதில் தலையிடுவதில்லை என்ற ஒலிபரப்பு ஒழுங்காணையத்தின் நிலைப்பாட்டை 1981இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஏற்றது. விளம்பர வரவு ஓர் ஆண்டு தள்ளாடினால் போதும், பலகையை மாற்றிவிடுவார்கள்.

லண்டனைப் பாருங்கள். கிஸ் எஃப்எம் 1985இல் உரிமம் இல்லாத திருட்டு வானொலியாகத் தொடங்கியது. உரிமத்துக்கு விண்ணப்பிப்பதற்காக 1988 கடைசியில் தானாகவே ஒலிபரப்பை நிறுத்தியது. முதல் முயற்சியில் தோற்று, அடுத்ததில் வென்று, 1990 செப்டம்பர் 1 அன்று 100 எஃப்எம்மில் சட்டப்படி ஒலித்தது. அங்கே உரிமம் தரும்போதே என்ன வகை நிலையம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அலைவரிசையில் கிஸ் இருந்தது. போகப்போக ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பியும் நிறையச் சேர்ந்தன, அதை நான் மறைக்கவில்லை. பாரிஸின் 98.2இல் ரேடியோ எஃப்ஜி, ஜெர்மனியில் 1997 முதல் சன்ஷைன் லைவ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1995இல் தொடங்கிய ரேடியோ ரெக்கார்ட் என்று ஊருக்கு ஊர் சான்று உண்டு. எதிரணி அட்லாண்டிக்கின் ஒரு கரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

அடுத்து, காலை ஏழு மணி. நாதஸ்வரக்காரர் விடியலில் பூபாளம் வாசிப்பார், இரவில் நீலாம்பரி வாசிப்பார். வாத்தியம் ஒன்றுதான், வேளைதான் வேறு. நடன இசைக்கும் அந்த விரிவு இருக்கிறது. காலையில் நிமிடத்துக்கு 118 முதல் 122 பீட், அதாவது தாள அடி, வரை, குரல் முன்னால் நிற்கிற ஹவுஸ் பாடல்கள், பாதிக்குப் பாதி எல்லோருக்கும் தெரிந்த பழையவை. மாலையில் வேலை விட்டுக் காரில் திரும்பும் நேரத்துக்கு 124 முதல் 128. இரவு பத்துக்கு மேல் 135ஐத் தாண்டிய டிரான்ஸ், 174இல் ஓடும் டிரம் அண்ட் பேஸ். காலையில் கிளப் இசையை அப்படியே போட்டுவிட்டு ‘யாரும் கேட்கவில்லை’ என்று சொன்ன நிலையங்கள் உண்டு. அது அட்டவணை போட்டவரின் கோளாறு.

கிளப் பதிப்பை அப்படியே போடக் கூடாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 128 பீட் வேகத்தில் 64 பீட் என்றால் சரியாக 30 விநாடி. கிளப்பில் டிஜே ஒரு பாடல் முடியுமுன் அடுத்ததைத் தாளம் பிசகாமல் கோப்பதற்காக அந்த 30 விநாடியும் வெறும் தாளத்தை விட்டிருப்பார்கள். வானொலியில் அரை நிமிடம் வெறும் தாளம் ஓடினால் கை பொத்தானுக்குப் போய்விடும். முன்பகுதியை 16 பீட்டாக வெட்டினால் ஏழரை விநாடி. ஆர்ஜே நிலையத்தின் பெயரையும் பாடலின் பெயரையும் சொல்லி முடிக்க அது போதும். குரல் தொடங்கும் இடத்தில் பேச்சு நிற்க வேண்டும். குரல்மேல் பேசிய ஆர்ஜேயைக் கேட்பவர் மன்னிப்பதில்லை.

கோப்பதிலும் நுட்பம் இருக்கிறது. 128க்கும் 128.1க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 30 விநாடி இரண்டையும் சேர்த்து ஓட்டினால் 23 மில்லிவிநாடி விலகிவிடும். கிக் என்ற பெரிய டிரம்மின் ஓர் அடி இரண்டாக இடிக்கும். மனிதர் வாசித்த டிரம்மோடு பதிவான எழுபதுகளின் டிஸ்கோவில் வேகமே அங்கங்கே அசையும், ஆகவே கணினியில் பீட்டைச் சீராக்கிய பிறகு கோப்பதே நல்லது. 124 பீட் பாடலை 128க்கு ஏற்றினால், வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடிக்கும் சுருதிப் பூட்டைப் போடாவிட்டால் பாடகரின் குரல் அரைச் சுருதியில் பாதிக்கு மேல் உயர்ந்துவிடும். இரண்டு பாடலின் பேஸையும், அதாவது அடித்தள ஒலியையும், ஒன்றாக விடவே கூடாது. 32 பீட் முடியும் திருப்பத்தில் ஒன்றைக் குறைத்து மற்றதைத் திறக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது என்ன? அமெரிக்கப் பெருநகரங்களில் நீல்சன் நிறுவனம் மாதிரி நேயர்களிடம் ஒரு சிறு மீட்டரைக் கொடுத்திருக்கிறது. ஒலிபரப்பில் காதுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் குறியீட்டை அது பிடித்துக்கொள்ளும். ஒரு கால் மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் கேட்டால்தான் நிலையத்தின் கணக்கில் ஏறும் என்றிருந்தது. 2025 முதல் மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். நேயர் வேறு நிலையத்துக்குத் தாவுவது பெரும்பாலும் பாட்டு முடிகிற இடத்தில். கோத்து ஓடும் இசையில் அப்படி ஓர் இடமே கிடையாது. வேறு எந்த வகை நிலையத்துக்கும் வாய்க்காத வசதி இது. ஓட்டை விழுவது விளம்பரத்தில்தான். அதை மணிக்கு இரண்டு இடைவேளையாகச் சுருக்கி, கால் மணிகளின் நடுவில் வைத்து, முடிந்ததும் முதல் நொடியே குரல் வரும் பாடலோடு திரும்ப வேண்டும்.

ஒலிபரப்பு அறையையும் சொல்லியாக வேண்டும். எஃப்எம்மில் உச்ச ஒலிகளை அனுப்பும்போதே தூக்கி, ரேடியோவில் இறக்குவார்கள். அந்தத் தூக்கலுக்கான அளவு லண்டனில் 50 மைக்ரோவிநாடி, நியூயார்க்கில் 75. அதனால் 10 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஹை-ஹேட் என்ற டிரம் தட்டின் ஒலி, லண்டனில் சுமார் பத்தரை டெசிபலும் நியூயார்க்கில் பதின்மூன்றரைக்கு மேலும் உயர்ந்து, ஒலி வரம்பு மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் மோதும். சலங்கை போன்ற அந்த ஒலி கரகரப்பாகும். கீழே 55 ஹெர்ட்ஸ் கிக் இன்னொரு தொல்லை. ஒலியை ஒரே பட்டையாக அமுக்கும் கருவி வைத்தால், ஒவ்வொரு கிக்குக்கும் பாடகரின் குரல் உள்ளே போய்ப் போய் வரும். பல பட்டைகளாகப் பிரித்து அமுக்கும் கருவி வேண்டும். பேஸுக்குத் தனிப் பட்டை. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 120க்குக் கீழே மோனோ. வாரத்தில் இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்காக எந்த நிலையமும் தன் கருவியை இப்படி மாற்றி வைக்காது. பேச்சுக்கும் மெதுவான பாலட் பாடலுக்கும் அமைத்த கருவி வழியே வரும் ஹவுஸ் இசையைக் கேட்டுவிட்டு, ரேடியோவில் இது நன்றாக இல்லை என்று முடிவு கட்டுவது எவ்வளவு அநியாயம்!

பாடல் அட்டவணை மென்பொருளும் இதே கதை. பாப் நிலையத்தில் ஒரு பாடலுக்கு ஒரு கலைஞர் பெயர் போதும். இங்கே தயாரிப்பாளர், பாடகர், ரீமிக்ஸ் செய்தவர், அதாவது பாடலை மாற்றி அமைத்தவர், என்று மூன்று பெயரையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரே குரல் அடுத்தடுத்து இரண்டு பாடலில் வந்து நிற்கும். மணிக்குப் பன்னிரண்டு பாடல் போட்டால் மூன்று புதியவை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் தெரிந்த பாடல் ஒன்று வேண்டும். ஆர்வக் கோளாறில் முழுக்கப் புதியதைப் போட்டு நேயர்களை இழந்த நிலையங்களும் உண்டு, பயந்து பாப் ரீமிக்ஸாகவே போட்டு அடையாளத்தை இழந்தவையும் உண்டு.

செயலி பற்றி அதிகம் பேச வேண்டாம். அது உங்கள் பழைய விருப்பத்தைப் பார்த்து உங்களுக்கு மட்டும் ஊட்டுகிறது. ஒரு நகரம் முழுவதும் ஒரே நொடியில் ஒரே புதுப் பாடலைக் கேட்கும் வாய்ப்பு அதில் இல்லை.

கடைசியாக பிபிசி. அதன் ரேடியோ 1 நிலையத்தில் எசென்ஷியல் மிக்ஸ் என்ற இரவு நேர நிகழ்ச்சி 1993 அக்டோபரில் தொடங்கியது. இரண்டு மணி நேரம், உலகின் சிறந்த டிஜேக்கள். அதன் பெருமையில் ஒரு துளியையும் நான் குறைக்க மாட்டேன். எதிரணியின் மிகச் சிறந்த சாட்சி அதுதான். அந்த பிபிசியே 2020 அக்டோபரில் ரேடியோ 1 டான்ஸ் என்று 24 மணி நேர இணைய ஓடை ஒன்றைத் திறந்தது. இரவு நேர நிகழ்ச்சி போதும் என்றால், 27 ஆண்டு அதை நடத்திப் பார்த்தவர்களுக்கு அந்த ஓடை எதற்கு? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும், நடுவர் அவர்களே.